லாரி பாடியில் ஏறி அளக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அத்திப்பட்டில் கட்டட வேலைக்கு சூப்பர்வைசராகச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதில் ரொம்ப சந்தோஷம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு வரும் என்பதை டிப்ளமோ சிவில் முடித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே கனச்செவ்வகம் படித்திருப்பாய். அங்கே மூன்று எண்களையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். சைட்டில் அவற்றை நீதான் எடுக்க வேண்டும். கணக்குத் தப்புவது பெருக்கலில் அல்ல, அந்த எண்களை எடுக்கும் இடத்தில்தான்.

முதல் வாரம் கல் அடுக்கை வைத்துப் பழகு. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால், நிலக்கரிச் சாம்பலில் செய்த கல் உங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். இறக்கி அடுக்கியதும் பக்கத்தில் போய் நில். நீளவாக்கில் 10 கல், அகலவாக்கில் 5 கல் என்றால் ஒரு வரிசைக்கு 50. அப்படி 8 வரிசை ஏறியிருந்தால் 400. கன அளவு என்பது இதேதான்: தரையில் எத்தனை, அதே போல மேலே எத்தனை அடுக்கு. இது மனதில் பதிந்துவிட்டால், மணலையும் ஒரு அடிக்கு ஒரு அடி கட்டிகளாகக் கண்ணால் அடுக்கிப் பார்க்க முடியும். இன்னொன்று, அடுக்கின் மேல் ஏறி நடுவையும் பார். வெளிச்சுற்றை ஒழுங்காக அடுக்கிவிட்டு உள்ளே பொள்ளலாக விடுவது உண்டு.

அடுத்தது லாரி. எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் நம் ஊரில் யூனிட் கணக்கில் வருகின்றன. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். டிரைவர் “மூணு யூனிட் மேடம்” என்று சீட்டை நீட்டுவார். சீட்டை வாங்கிக்கொள், கையெழுத்துப் போடாதே. டேப்போடு பாடியில் ஏறு. அளவை எப்போதும் பாடியின் உள்பக்கம் எடு. வெளியே அளந்தால் தகட்டின் கனமும் விலா எலும்பு போல நிற்கும் சட்டங்களும் உன் மணல் கணக்கில் சேர்ந்துவிடும்.

உள் நீளம் 14 அடி, அகலம் 7 அடி என்று வை. தரை 98 சதுர அடி. உயரத்தைப் பாடியின் உயரமாக எழுதிவிடாதே, உனக்கு வேண்டியது மணலின் உயரம். நடுவில் கோபுரமாகக் குவிந்து ஓரத்தில் இறங்கியிருக்கும். மட்டப்பலகையால் நிரவச் சொல்லி அளப்பதுதான் சரி. அதற்கு நேரமில்லை என்றால், ஒரு கம்பியைத் தரை தட்டும் வரை குத்தி, நான்கு மூலையிலும் நடுவிலும் உயரம் பார். மூலைகளில் 32, 33, 31, 32 அங்குலம், நடுவில் 37 என்று வந்தால் கூட்டுத்தொகை 165, சராசரி 33 அங்குலம். 2 அடி 9 அங்குலம்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கால்குலேட்டரில் 2.9 என்று தட்டிவிடுகிறார்கள். அடிக்கு 12 அங்குலம், ஆகவே 9 அங்குலம் என்பது முக்கால் அடி. 2.75 என்றுதான் போட வேண்டும். 98-ஐ 2.9-ஆல் பெருக்கினால் 284.2 கன அடி, 2.75-ஆல் பெருக்கினால் 269.5. ஒரே லோடில் கிட்டத்தட்ட பதினைந்து கன அடி வித்தியாசம்! அடியும் அங்குலமும் கலந்து வந்தால் முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்று, பிறகு பெருக்கு.

இன்னும் முடியவில்லை. டிப்பர் பாடியில் தூக்கும் ஜாக்கிக்காக முன்பக்கம் பெட்டி மாதிரி ஒரு அடைப்பு இருக்கலாம். அது 2 அடிக்கு ஒன்றரை அடி என்றால், மணல் உயரம் 2.75 வரைக்கும் 8.25 கன அடியைக் கழி. மீதி 261.25. மூன்று யூனிட் என்று வந்த லோடு 2.6 யூனிட்தான்.

அதற்காக டிரைவரை உடனே திருடன் என்று நினைத்துவிடாதே. கிளம்பும்போது நிரம்பியிருந்த லோடு குலுங்கி வந்ததில் படிந்து இறங்கியிருக்கலாம். அதனால்தான் ஆர்டர் கொடுக்கும்போதே “சைட்டில் வந்து அளந்த அளவுக்குத்தான் பில்” என்று சப்ளையரிடம் பேசி வைக்க வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

ஈர மணல் விஷயத்தை நிதானமாகப் படி. ஓரளவு ஈரமான மணல் உப்பிக்கொள்ளும். துகளைச் சுற்றி நீர்ப்படலம் படிந்து ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் தள்ளி வைக்கும். கால் பங்கு வரைகூட அளவு கூடிக் காட்டும். சோதனை சுலபம். ஒரு கண்ணாடி ஜாடியில் ஈர மணலை அமுக்காமல் 20 செ.மீ. உயரம் போடு. அதைத் தனியே கொட்டிவிட்டு ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்று. மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்திவிடு. 16 செ.மீ.-இல் நின்றால் உப்பல் 25 சதவீதம். நீ காசு கொடுத்த யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் உப்பல். எடை மேடையில் போட்டாலும் தண்ணீரின் எடை சேர்ந்து வரும் என்பதால், எடைச் சீட்டை மட்டும் நம்பியும் பயனில்லை.

கலவை போடும் இடத்திலும் இதே கணக்கு வரும். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர் இடம் பிடிக்கும். அதற்காகத்தான் அளவுப் பெட்டியை உள்ளளவு 40 செ.மீ., 35 செ.மீ., 25 செ.மீ. என்று அடிக்கிறார்கள். பெருக்கிப் பார், 35,000 கன செ.மீ. வரும். சட்டிக் கணக்கில் மணலை அள்ளிப் போடும் மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேசி இந்தப் பெட்டியைப் பழக்கத்துக்குக் கொண்டுவா. மணல் உப்பியிருந்தால் பெட்டிக்கு மேல் எவ்வளவு கூடுதலாகப் போட வேண்டும் என்பதை உன் ஜாடிச் சோதனையே சொல்லிவிடும்.

அத்திப்பட்டில் வீடு கட்டுகிறவர்களில் பலர் ஆலையிலும் துறைமுகத்திலும் ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணத்தில் கட்டுகிறவர்கள். லோடில் குறையும் ஒவ்வொரு கன அடியும் அவர்கள் உழைத்த காசு. அளவெடுக்கும் பெண்ணைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். அதற்காக இறங்கி வந்துவிடாதே.

கடைசியாக, அஸ்திவாரக் குழி. உங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிப் பக்கமண் சரியும், குழி பெட்டி வடிவில் நிற்காது. 1.5 மீட்டர் சதுரத்துக்கு 0.45 மீட்டர் உயரம் ஃபுட்டிங் என்றால் கான்கிரீட் 1.0125 கன மீட்டர். சரிந்த குழியில் பலகை அடைக்காமல் ஊற்றினால் அதைவிட எவ்வளவோ கூடுதலாக விழுங்கும். ஆகவே பலகை அடைப்பின் உள்ளளவை, கான்கிரீட் விழுவதற்கு முன், மூன்று திசையிலும் நீயே எடு. தேதி போட்டு நோட்டில் எழுதி, மேஸ்திரியிடம் அன்றே கையெழுத்து வாங்கிவிடு. மூடிய பிறகு அந்தக் குழியை யாராலும் அளக்க முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்