அடையாள அட்டைப் பிரதியும் அடுத்தவர் பட்ட கடனும்

கடைக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடும் வியாபாரிகள்கூட, தேசிய அடையாள அட்டையின் போட்டோ பிரதியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். தொலைபேசி இணைப்புக்கு ஒன்று, லீசிங்குக்கு ஒன்று, கடை வாடகை ஒப்பந்தத்துக்கு ஒன்று. அதோடு வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியும் றப்பர் முத்திரையும் ஒருவன் கையில் சேர்ந்துவிட்டால், உங்களை நேரில் கண்டிராத மொத்த வியாபாரியிடம் உங்கள் பெயரில் கடனுக்குச் சரக்கு எடுக்க அவனுக்கு அதிக சிரமமிராது.

அட்டையிலுள்ள இலக்கமே பல விடயங்களைச் சொல்லிவிடும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். 72032 என்று தொடங்கினால் 1972 பெப்ரவரி 1. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் வருடம் முழுமையாகவே இருக்கிறது. ஆகவே, தொலைபேசியில் பிறந்த திகதியைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக ஆளை நம்ப வேண்டாம்.

பிரதி கொடுக்கும்போது எந்த நிறுவனத்துக்கு, எதற்காக, என்ன திகதி என்பவற்றை அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் எழுதுவதில் பிரயோசனமில்லை. அதை மறைத்துவிட்டு இன்னொரு பிரதி எடுக்கலாம். சில அலுவலர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். வட்ஸ்அப்பில் அனுப்புவதாயினும் எழுதிய பிரதியையே படமெடுத்து அனுப்புங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவருக்கு ஒருபோதும் அதைச் சொல்லாதீர்கள்.

இதைவிட ஆபத்தான பழக்கம், வெளியூர் போகும்போது வெற்றுக் காசோலைகளில் கையொப்பமிட்டுக் கடையில் வைத்துவிட்டுப் போவது. தொகையை வேறொருவன் நிரப்பினாலும் கையொப்பம் உங்களுடையதுதான். அது கள்ளக் கையொப்பம் என்று வாதாட உங்களுக்கு வழியில்லை.

உங்கள் பெயரில் யாரோ கடன் எடுத்திருந்தால் அது எப்போது தெரியவரும்? பெரும்பாலும், நீங்கள் கடன் கேட்டு வங்கி மறுக்கும்போதுதான். அதற்கு முன்னரே பார்த்துக்கொள்ள வழியிருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் தகவல் பணியகத்தில், அதாவது நாம் ‘கிரிப்’ என்று சொல்லும் இடத்தில், வங்கி, லீசிங் கடன்களின் பதிவுகள் உள்ளன. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். நீங்கள் எடுக்காத கடனோ நிற்காத பிணையோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் புறக்கோட்டையில் கடனுக்கு எடுத்த சரக்கு கிரிப்பில் வராது. அதற்கு நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். வழமையாகக் கொள்வனவு செய்யும் கடைகளுக்கு, எந்தத் தொலைபேசி இலக்கத்திலிருந்து ஓடர் வரும், யார் வந்து சரக்கு எடுப்பார் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆள் மாறினால் அன்றைக்கே அறிவியுங்கள். உங்களிடம் கடனுக்குக் கேட்டு வருபவர் விடயத்திலும் அப்படித்தான்: அவர் தரும் இலக்கத்துக்கு அல்ல, அந்தக் கடையின் பெயர்ப்பலகையிலுள்ள இலக்கத்துக்கே பேசிப் பாருங்கள்.

அட்டை தொலைந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். புதிய அட்டை எடுக்க எப்படியும் அந்த முறைப்பாட்டுப் பிரதி தேவைப்படும். வங்கிக்கும் கடிதம் கொடுத்து, ஏற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரையிட்ட பிரதியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு உங்கள் பெயரில் யாராவது கடன் பட்டால், முதலில் எடுத்துக் காட்ட வேண்டியது அந்தக் கடதாசிதான்.