‘டாக்டர் சொன்னார், செய்தேன்’ என்றால் போதுமா?

பள்ளிகொண்டா பக்கத்தில் பெண்பிள்ளையின் வேலை என்றதும் இரண்டு வழிகள் நினைவுக்கு வரும். ஒன்று, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் வேன். மற்றது நர்சிங். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. இத்தனை காலப் பழக்கம் உள்ள வட்டாரத்திலும் சிஸ்டர்களின் பொறுப்பு பற்றிச் சில தப்பான எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. அதனால் நோயாளிக்கும் கெடுதல், சிஸ்டருக்கும் ஆபத்து.

“டாக்டர் சொன்னதைத்தானே செய்தேன், தப்பென்றால் அவர் பார்த்துக்கொள்வார்.”

அப்படி இல்லை. மருந்து எழுதுவது டாக்டர். ஆனால் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று சரிபார்ப்பது ஊசி போடுகிறவரின் கடமை.

டெல்லி ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கை ஒவ்வொரு சிஸ்டரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டைபாய்டு என்று சேர்க்கப்பட்ட குழந்தை. நர்ஸ் ஊசிமருந்தின் பெயரைச் சொல்ல, அப்பா வாங்கி வந்து கொடுத்தார். வந்தது ‘லாரியாகோ’, அதாவது மலேரியாவுக்கான குளோரோகுயின். அது அளவுக்கு மீறி ரத்தக் குழாயில் ஏற்றப்பட்டது. தாயின் மடியிலேயே குழந்தை துவண்டு விழுந்தது. இதயம் நின்று, மூளை மீளாத பாதிப்புக்கு ஆளானது. ஊசி போட்டவர் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்பது விசாரணையில் தெரிந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மனவேதனைக்கு 5 லட்சம் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 1998-ல் உறுதி செய்தது. ஊசியை அவரிடம் ஒப்படைத்த டாக்டரும் தப்பவில்லை, அவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையும் தப்பவில்லை.

எழுத்து புரியவில்லை, அளவு இடிக்கிறது என்றால் “ஒரு தடவை சொல்லுங்க சார்” என்று கேட்க சிஸ்டருக்கு உரிமை உண்டு. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. இரவில் போனில் வரும் உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். நேரத்தோடு குறித்துவைத்து, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்ட யாரும் ஊசி போடலாம் என்று நினைக்கும் சிறிய நர்சிங் ஹோம்களுக்கும் ஸ்பிரிங் மெடோஸ் தீர்ப்பில் பாடம் இருக்கிறது. பதிவு எண் கேட்பது நோயாளி வீட்டாரின் உரிமை.

“கேஸ் ஷீட் வெறும் எழுத்து வேலை, டூட்டி முடியும்போது மொத்தமாக எழுதிவிடலாம்.”

தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் இது மிகப் பெரிய தவறு. டேனரி டிரம்மில் கை மாட்டிய தொழிலாளியைக் கம்பெனி ஆளே அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “வீட்டில் வழுக்கி விழுந்துட்டார், சிஸ்டர், அப்படியே எழுதிடுங்க” என்கிறார். அந்த ஒரு வரியால் இ.எஸ்.ஐ. உதவியோ சட்டப்படியான இழப்பீடோ அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகலாம். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவது டாக்டர்தான். ஆனால் காயத்தைக் கழுவியபடி “எப்படி ஆச்சுண்ணா?” என்று முதலில் கேட்பது பெரும்பாலும் சிஸ்டர். நோயாளி தன் வாயால் சொன்னதைச் சொன்னபடி, நேரத்தோடு எழுத வேண்டும். அழைத்து வந்தவர் வேறு சொன்னால், அதை அவர் சொன்னதாகத் தனியே எழுத வேண்டும். எழுதியது தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். ஒயிட்னர் கூடவே கூடாது. அதேபோல, கம்பெனி ஆள் கேட்கிறார் என்பதற்காக நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தனியாகவே தடுக்கிறது.

“ஆக்சிடெண்ட் கேஸ், போலீஸ் வரட்டும்.”

டோல்கேட் உள்ள நெடுஞ்சாலை ஊரில் இந்தத் தயக்கம் உயிரையே வாங்கும். முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவரை மிரட்டி உட்கார வைக்கவும் கூடாது.

“கணவர் கையெழுத்து இல்லாமல் கருக்கலைப்பு செய்யக் கூடாது.”

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 18 வயது நிரம்பிய பெண்ணுக்குப் பொதுவாக அவளுடைய சம்மதம் மட்டும் போதும். “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா” என்று திருப்பி அனுப்பப்படும் பெண் அடுத்து யாரிடம் போய் நிற்பாள் என்று யோசித்துப் பார்த்தாலே நெஞ்சு பதறுகிறது.

“டாக்டருக்குள்ள சட்டப் பாதுகாப்பு எனக்கும் உண்டு.”

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவைப் படித்தால் இது தவறு என்பது தெரியும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அதைச் செய்தால் இரண்டாண்டு வரைதான். யார் மருத்துவர் என்று அதிலுள்ள விளக்கம், தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதியும் பதிவும் உள்ளவரைத்தான் குறிக்கிறது. நர்ஸ் அதில் வரமாட்டார். ஒரே கட்டிலருகே ஒரே சிகிச்சையில் நிற்கும் இருவருக்கு இரண்டு அளவுகோல் வைப்பது அநியாயம். நர்சிங் சங்கங்கள் இதைத் திருத்தச் சொல்லி உரக்கக் கேட்க வேண்டும். இரவு டூட்டியில் ஒற்றை சிஸ்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகும் நிர்வாகங்களையும் அந்தப் பிரிவின் கீழ் கூண்டில் ஏற்றச் சொல்ல வேண்டும்.