இறுகிய நிலமும் பேசாத கால்களும்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய நாள்களில், "ஒரு செயலைச் செய்யலாமா, தவிர்க்கலாமா என்று முடிவெடுக்கும் முறையை மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது?" என்னும் வினா அடிக்கடி எழுவதுண்டு. விதியை மனப்பாடம் செய்வித்தால் அது நாவில் நிற்கும், நடப்பில் நில்லாது. உண்மையில் நேர்ந்த ஒன்றை எடுத்துப் படிப்படியாக ஆராய்வதே தக்க வழி. இவ்விதழில் இங்கிலாந்து நாட்டில் நேர்ந்த ஒன்றைப் பாடமாகக் கொள்வோம். குதிரைப் பந்தயம் வேண்டுமா, வேண்டாவா என்பது வேறு வினா. அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. கோடையில் நிலம் இறுகிக் கிடக்கும்போது, குதிரையைப் போட்டியில் இறக்கலாமா என்பதே நம் வினா.

நிகழ்ச்சி

அஸ்காட் என்னும் ஊரில் ஜூன் மாதத்தில் தங்கக் கிண்ணப் பந்தயம் நடைபெறும். 1807ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பந்தயத்தின் தொலைவு இரண்டரை மைல், அதாவது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். நெடுந்தொலைவு ஓடும் குதிரைகளுக்கு அதில் வெல்வது பெருஞ்சிறப்பு. 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ட்ரூஷான் என்னும் குதிரையை அதில் ஓடவிடக் கருதியிருந்தனர். இரண்டு முறையும் அதன் பயிற்சியாளர் ஆலன் கிங் அதனை விலக்கிக்கொண்டார். நிலம் அக்குதிரைக்கு ஏலாத அளவு உலர்ந்திருந்தது என்பதே காரணம். அதே நிலத்தில் வேறு குதிரைகள் ஓடின. அவர் ஏன் விலக்கினார் என்பதை மூன்று படிகளில் காண்போம்.

முதற்படி: நிலத்தை அறிதல்

பிரிட்டனில் ஓடுதளத்தின் நிலையைக் கடினம் முதல் மிகு சேறு வரை ஏழு நிலைகளாகப் பகுத்து அறிவிப்பர். 'கடினம்' என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் தடை தாண்டும் பந்தயங்கள் நடத்தப்படுவதில்லை. நிலத்தில் குத்தி அதன் இறுக்கத்தையும் பிடிப்பையும் அளக்கும் கோல் ஒன்றும் உண்டு. சிறு போட்டிகளுக்குச் செல்வோரோ தடத்தை முழுவதும் நடந்து, குதிகாலால் அழுத்திப் பார்ப்பர். குதிகாலின் சுவடு பதியவில்லையெனில் நிலம் இறுகிவிட்டது எனக் கொள்க. அடர்ந்த புல்லும் வேரும் மெத்தைபோல் ஓரளவு தாங்கும். ஈரத்தில் பதிந்த குளம்புச் சுவடுகள் வெயிலில் காய்ந்து மேடுபள்ளமாக நிற்கும் இடம், சீராக இறுகிய இடத்தினும் தீயது. அங்கே கால் பிறழும். இறுகிய நிலத்தின்மேல் சிறுமழை பெய்தாலோ மேற்பரப்பு வழுக்கும்.

இரண்டாம் படி: காலை அறிதல்

குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோ. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்களின் மேல் நிற்கும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் ஒரு முன்னங்காலே உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் தாங்குகிறது. அக்காலின் முழங்காலுக்குக் கீழே தாங்கும் தசை இல்லை. எலும்பும் தசைநாணுமே உள்ளன. மென்னிலம் சற்று அமிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இறுகிய நிலத்தில் குளம்பு சட்டென நின்றுவிட, அதிர்ச்சி எலும்பிலும் மூட்டிலும் ஏறும். ஆழ்ந்த சேற்றிலும் தசைநாணுக்குத் துன்பம் உண்டு என்பதை மறத்தலாகாது. தசைநாண் கிழிந்தால் ஆற ஓராண்டு வரையும் செல்லும். ஆறிய இடம் பழைய நெகிழ்ச்சியைப் பெறுவதில்லை.

மூன்றாம் படி: இந்தக் குதிரையை அறிதல்

"நிலம் கடினமா?" என்று கேட்டு நிறுத்துவது அரைப் பாடமே. "இந்தக் குதிரைக்கு இன்று கடினமா?" என்பதே முழு வினா. முன்னர்த் தசைநாண் காயம் பட்டதா? உள்ளங்குளம்பு மெல்லியதா? முதல் நாள் இறுகிய பாதையில் ஓட்டிப் பார்த்தபோது அடி குறுகியதா? ஓட்டத்திற்குப் பின் காலைத் தடவினால் சூடு தெரிகிறதா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும் விலகுவதே முறை. நோவு தெரியாதிருக்க மருந்து கொடுத்து ஓடவிடுதல் போட்டி விதிக்கு மாறு. அஃது அறிகுறியை மறைப்பதேயன்றிக் காயத்தைத் தடுப்பதன்று. முற்றும் விலக மனமில்லாதார்க்கும் இடைவழிகள் உள. பல பகுதிகள் கொண்ட போட்டியில் நடைப்பயிற்சித் தேர்வோடு நின்று, வயல்வெளித் தடை தாண்டலை விட்டுவிடலாம். அல்லது காலக் குறைவுக்கான புள்ளித் தண்டனையை ஏற்று மெல்ல ஓட்டலாம்.

முடிவைக் கெடுப்பவை

மூன்று படியும் அறிந்தவரே தவறுவதும் உண்டு. நுழைவுக் கட்டணம் செலுத்தியாயிற்று. வண்டி வாடகை கொடுத்தாயிற்று. நண்பர்கள் வந்து காத்திருக்கின்றனர். "அடுத்தவர் ஓட்டுகிறாரே" என்னும் எண்ணம் வேறு. ஆராய்ந்தால், இவற்றுள் ஒன்றேனும் குதிரையின் காலைப் பற்றியதன்று என்பது விளங்கும். செலவான பணம் ஓடினாலும் திரும்பாது, ஓடாவிட்டாலும் திரும்பாது. கால் மட்டுமே இன்னும் நம் கையில் இருப்பது. கொல்லாமை அணுவிரதத்திற்கு மாசு தரும் ஐந்து குற்றங்களுள் மிகுபாரம் ஏற்றுதலும் ஒன்று என்பதை நம் இல்லத்தார் அறிவர். முதுகில் ஏற்றுவது மட்டும் பாரமன்று. தாங்காத நிலத்தில் ஓட்டுவதும் பாரமே.

ட்ரூஷானின் கதை அதன்பின் என்னாயிற்று? அவ்விரு ஆண்டுகளின் தங்கக் கிண்ணங்களும் பிறர்க்குச் சென்றன. அந்த இழப்பு மெய்யானது. ஆயினும் 2022 ஜூன் 25 அன்று நியூகாசிலில், செயற்கைத் தளத்தில், பெரும் எடை சுமந்து அது வென்றது. அஸ்காட்டிலேயே அக்டோபர் மாத நெடுந்தொலைவுப் பந்தயத்தை 2020, 2021, 2022 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 2023இல் பாரிசிலும் வென்றது.

பெற்றோர் இப்பாடத்தைப் பிள்ளைகட்குக் கூறி, ஒரு வினாவை மட்டும் கேட்பாராக: "நமக்காக உழைக்கும் ஓர் உயிர், முடியாது என்று சொல்ல வாயின்றி நிற்கும்போது, அதன் சார்பில் சொல்ல வேண்டியவர் யார்?" விடையை அவர்களே கூறட்டும், நாம் கூறுதல் வேண்டா.