புதிய இனம் என்று எப்படி முடிவாகிறது?

கேள்வி: குமரி மாவட்ட மலைகளில் இதுவரை அறியப்படாத பாம்போ பல்லியோ கிடைத்தால், அது புதிய இனம்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: முதலில் உடலை அளந்து, செதில் வரிசைகளை எண்ணி, அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள், அடுத்தது மரபணு ஆய்வு. குமரி மலைகளோடு தொடரும் அகத்தியமலையில் 2011-இல் கிடைத்த பாம்பு, பார்வைக்குக் கண்கொத்திப் பாம்பாகவே இருந்தது. ஆனால் முதுகுச் செதில்களில் மேடான வரிகள் ஓடின. சுமார் 2.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது தனிக்கிளையாகப் பிரிந்ததை மரபணு காட்டியது. 2019-இல் ‘புரோஅகேதுல்லா ஆன்டிகுவா’ என்று புதிய பேரினமாகவே விவரிக்கப்பட்டது. மூல மாதிரியைக் குறிப்பிட்டு, பிற இனங்களிலிருந்து வேறுபடுத்தும் விளக்கத்தோடு முறைப்படி வெளியிட்ட பிறகே புதிய இனத்தின் பெயர் செல்லுபடியாகும்.