அன்றாடம் விழுங்கும் மாத்திரை

காசநோய் என்று மருத்துவர் கூறியதும் பல இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "இவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?" என்பதே. பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் ஓரறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீடுகளில், அக்கேள்வியோடு அச்சமும் கலந்திருக்கும். உடன் வாழும் குழந்தைகளுக்கும் தொற்றிவிடுமோ என்ற அச்சம் அது. இக்கேள்விக்கு உலகுக்கே விடை சொன்னது நம் சென்னை என்பதைப் பலர் அறியார்.

தக்க மருந்து கிடைக்காத காலத்தில் ஓய்வு, ஊட்டமிக்க உணவு, தூய காற்று ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பினர். நோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்கவைத்தனர். 1928இல் தாம்பரத்தில் அத்தகைய ஒன்று தோன்றியது. அங்குள்ள மின்சார ரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் நோயுற்றோர் அனைவருக்கும் கட்டில் கிடைக்கவில்லை. 1952இல் ஐசோநியாசிட் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின், அம்மருந்தை வீட்டிலிருந்தே உண்டால் போதாதா என்னும் வினா எழுந்தது.

அதற்கு விடை காண 1956இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறுபிரிவினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோருக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, இடநெருக்கடி மிகுதி. எனினும் 1959இல் வெளியான முடிவின்படி, சானடோரியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேரளவிலும், வீட்டில் எண்பத்தாறு பேரளவிலும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தோரின் குடும்பத்தார்க்கு அதனால் கூடுதலாக நோய் பரவவுமில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்புதான் தொற்றும் அபாயம் மிகுதி என்பது அதனால் தெளிவாயிற்று.

கட்டிலும் காற்றும் செய்யாததை அன்றாடம் தவறாமல் உண்ட மருந்து செய்தது. அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. அதனாலேயே ஆய்வுப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணிப் பார்த்தனர். இன்று அந்த வேலை பெரும்பாலும் குடும்பத்தாருடையது.

இன்றைய வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதம் ஆகும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று. இதில் இடர்மிக்க காலம், நோயாளி மிகவும் துன்புறும் முதல் வாரங்கள் அன்று என்பது எம் எண்ணம். இருமல் நின்று, எடை ஏறி, "நலமாகிவிட்டேனே" என்று தோன்றும் இரண்டாம், மூன்றாம் மாதமே அது. அப்போது மருந்தை விட்டால், எஞ்சியிருக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். ஆகவே நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு குறியிடுங்கள். ஒரு வேளை தவறினால் மறைக்காமல் சுகாதாரப் பணியாளரிடம் கூறுங்கள். கடிந்துகொள்வார் என்று அஞ்சவேண்டாம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தின் இயல்பு. அதற்காக நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி இருந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சென்னை ஆய்வைக் காட்டி உணவைப் புறக்கணிக்கலாகாது. 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தார்க்கு அரிசி, பருப்பு முதலியன கூடுதலாக வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. முட்டையோ வேர்க்கடலையோ, இயன்றதை நோயாளியோடு வீட்டார் அனைவரும் உண்ணுங்கள். அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகையைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

சன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. இந்நோய் காற்றின் வழியே பரவுகிறது, பாத்திரத்தால் அன்று. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், இருமல் இல்லாவிடினும், இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். நோய் இல்லையென்று உறுதியானபின் தடுப்பு மருந்து தரப்படும்.