கொழுந்து காத்திருக்காது

கேள்வி: கொழுந்து எங்கள் மலையில் விளைகிறது. விறகும் இங்கேயே கிடைக்கிறது. பறிப்பதும் அரைப்பதும் எங்கள் ஆட்கள்தான். பிறகு ஏன் 2022இல் டாலர் இல்லாமல் போனதும் எங்கள் தோட்டத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) தடுமாறியது?
– வாசகர் ஒருவர், நோர்வூட்

பதில்: சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறீர்கள். பலரிடம் கேட்டால் 2021 மே மாதத்து இரசாயன உர இறக்குமதித் தடையைக் காட்டிப் பேச்சை முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஆண்டு நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 299 மில்லியன் கிலோ. முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். செடி உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. உரம் போடாத குறை மெல்லத்தான் தெரிந்தது. 2022இல் விளைச்சல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்ததற்கு அது காரணம்தான். வந்த கொழுந்தையும் ஒழுங்காகத் தேயிலையாக்க முடியாமல் போனதற்குக் காரணம் வேறு.

ஆடைத் தொழிற்சாலை துணியை ஒரு மாதம்கூட அடுக்கி வைக்கலாம். கொழுந்தை ஒரு நாள்கூட வைக்க முடியாது. மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், எடை போட்டதும் லொறி வர வேண்டும். சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். லொறிக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு டாலர் வேண்டும். ஸ்டோருக்கு வந்ததும் வாடல் தொட்டியில், அதாவது அடியிலிருந்து விசிறி காற்றை ஊதும் நீண்ட வலைத் தட்டில், இரவு முழுக்கப் பரப்பி ஈரத்தைக் குறைப்பார்கள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. விசிறி நின்றால் அடியில் கிடக்கும் இலை வேகத் தொடங்கிவிடும்.

அடுத்தது இலையை அரைக்கும் ரோலர். அதன்பின் ஒட்சியேற்றம்: அரைத்த இலை காற்றுப்பட்டுச் செம்பு நிறமாவது. அதைச் சரியான நேரத்தில் உலர்த்தியில் போட்டு நிறுத்த வேண்டும். பிந்தினால் சாயம் மங்கும், ஏலத்தில் விலை விழும். மின்சாரம் இல்லையென்றால் ஜெனரேட்டர், அதற்கும் டீசல். நீங்கள் சொன்ன விறகும் அடுப்பு வாசலுக்குத் தானாக நடந்து வருவதில்லை, ஐயா. கடைசியில் தூளை அடைக்கும் காகிதச் சாக்கின் காகிதமும் கப்பலில் வருவதுதான்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் ஊர்ப் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர்தான் விமலசுரேந்திர மின்நிலையத்தை ஓட்டுகிறது. ஆனால் அந்த மின்சாரம் தேசிய வலையமைப்பில், அதாவது நாடு முழுவதுக்கும் பொதுவான கம்பித் தொடரில், போய்ச் சேருகிறது. எண்ணெய் மின்நிலையங்களுக்கு எரிபொருள் வாங்க டாலர் இல்லாதபோது, நீர் பக்கத்தில் இருப்பவருக்கென்று தனிச் சலுகை கிடையாது.

வெள்ளைக்காரர் காலத்தில் பல தோட்டங்கள் சொந்த ஓடையில் சிறு நீர்மின் இயந்திரம் வைத்து ஸ்டோரை ஓட்டின. பொதுக் கம்பி வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. அந்தக் காலத்தில் அது சரியான கணக்காகவே பட்டிருக்கும். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒன்று இருந்ததா என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். இருந்திருந்தால், ஓடையில் இப்போது எவ்வளவு நீர் வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.