சூரியனைத் தொடரும் பனலுக்கு மின்சாரம் எங்கிருந்து?

1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் நாம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மின்சாரத்தின் அருமையை நமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. மீள்குடியேறிய குடும்பங்கள் கடன்பட்டுச் சோலர் பனல் பூட்ட எண்ணும்போது, பனலைச் சூரியனின் பக்கம் திருப்பும் பொறியையும் வாங்கலாமா என்று கேட்பதுண்டு. அப்பொறியை எது இயக்கும் என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

1. பற்றரி இல்லாத அமைப்பு

2016 செப்டெம்பரில் ஆரம்பமான 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தின் பின்னர் இலங்கைக் கூரைகளில் பரவியவை பெரும்பாலும் பற்றரி அற்றவை. பனல் தரும் நேரோட்டத்தை இன்வேட்டர் ஆடலோட்டமாக மாற்றிப் பொது மின்கம்பிக்கு அனுப்புகிறது. கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டபோது, இத்தகைய வீடுகளும் பட்டப்பகலில் மின்சாரமின்றி இருந்தன.

2. மோட்டருக்கு எவ்வளவு வேண்டும்?

மிகச் சிறிதளவே. 12 வோல்ற்றில் 3 அம்பியர் இழுக்கும் மோட்டர் ஒரு நாளில் விட்டுவிட்டு மொத்தம் 10 நிமிடம் ஓடினால் செலவு 6 வாற்-மணி. அது ஒரு யூனிற்றின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தெளிந்த வெயிலில் கிடைக்கும் மேலதிக மின்சாரமோ நூற்றுக்கு 15 முதல் 25 வரை. ஆகவே, அளவில் சிக்கல் இல்லை. வேண்டிய வேளையில் கிடைக்குமா என்பதே கேள்வி.

3. வழிகள்

(அ) பொது மின்சாரத்திலிருந்து எடுத்தல். இது மலிவானது. மின்சாரம் நின்றால் பனல் திரும்பாது. ஆனால் இன்வேட்டரும் நின்றிருப்பதால் அதனால் நட்டமில்லை. ஆபத்து காற்றில்தான். 2020 டிசம்பரில் வந்த 'புரவி' போன்ற புயலில் முதலில் போவது மின்சாரம். சரிந்து நிற்கும் பனல் பாய்போலக் காற்றைப் பிடிக்கும். அதைக் கிடையாகப் படுக்கவைக்கக் கையால் சுற்றும் பிடி கட்டாயம் வேண்டும்.

(ஆ) பெரிய பனல் வரிசையிலிருந்து எடுத்தல். தொடராக இணைத்த பனல்களில் பல நூறு வோல்ற் இருக்கும். இது உயிராபத்து, வேண்டாம்.

(இ) மோட்டருக்கென ஒரு தனிப் பனல். கம்பியில் மின்சாரம் நின்றாலும் வெயில் உள்ளவரை இது வேலை செய்யும். இரண்டு கவனிப்புகள் தேவை. பற்றரியைப்போலப் பனல் கணநேரத்துக்கு அதிக அம்பியர் கொடுக்காது; எனவே மோட்டர் கிளம்பும்போது இழுக்கும் அளவுக்கு ஏற்ற பனல் வேண்டும். அடுத்து, அதைத் திரும்பும் சட்டத்தில் பூட்டினால் மாலையில் மேற்கே பார்த்து நின்றுவிடும். மறுநாட்காலை வெயில் அதில் போதியளவு படாது. அசையாத தூணில், கிழக்கே சற்றுச் சரித்துப் பூட்டவேண்டும்.

மின்சாரமே வேண்டாத முறையும் உண்டு. அமெரிக்காவின் சோம்வேர்க்ஸ் நிறுவனம் செய்த சட்டத்தில், வெயில் பட்ட பக்கத்துக் குழாயிலுள்ள திரவம் சூடேறி மற்றப் பக்கத்துக்குத் தள்ளப்படும். பாரம் மாறச் சட்டம் சரியும். துலாவில் ஆள் முன்னும் பின்னும் நடக்கத் துலா தாழ்ந்து உயர்வதை ஒத்தது இது.

4. நமக்கு ஏற்றதா?

திருப்பும் பொறி சாதாரண வீட்டுக் கூரைக்கு உகந்ததல்ல. தனித் தூணும் கொங்கிறீற்று அத்திவாரமும் வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்; கிறீஸ் இடவேண்டும். மாரிகாலத்து மப்பில் திருப்பினாலும் பெரும் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே வருவதால், சிறிது சரித்துப் பூட்டிய அசையாப் பனலே நன்றாக விளைச்சல் தரும். ஆகவே, பொறியின் விலைக்கு இன்னும் எத்தனை பனல் வாங்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பனலே இலாபம். காணி உறுதி இன்னும் கைக்கு வராத குடும்பம் கொங்கிறீற்றில் பணத்தைப் புதைக்கவேண்டாம். பனலைக் கழற்றிக் கொண்டுபோகலாம். அத்திவாரத்தைக் கொண்டுபோக முடியாது.

கலந்துரையாட:
1. மின்சாரம் நின்றபின் உங்கள் வீட்டுக்கு முதலில் வேண்டியது எது? பற்றரி இல்லாத அமைப்பு அதைத் தருமா?
2. புயல் எச்சரிக்கை வந்தால் பனலைப் படுக்கவைப்பது யார், எப்படி?
3. கடன் முடியும்வரை அந்தக் காணியில் இருப்போம் என்ற உறுதி நமக்கு உண்டா?